மூச்சுப் படாத தூரம்

சித்தன்னவாசல் குகைக் காவலருக்கு ஐம்பது வயதிருக்கும். தொளதொளத்த காக்கிச் சட்டை. இடது முழங்கால் வீக்கம் பேண்ட்டுக்கு மேலேயே தெரிந்தது. வருகிற எல்லோரிடமும் ஒரே பேச்சு: "தள்ளி நில்லுங்க, ஓவியத்துல மூச்சுக்காத்து படுது." நான் இருந்த நேரத்தில் பதினோரு முறை சொன்னார்.

மேலே வருவதற்குள் நான் ஆறு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். "முட்டியா சார்?" என்றார். டாக்டர் சொன்னதை ஒப்பித்தேன். நாம் இழுக்கிற பிராணவாயுவில் கொஞ்சம் உடம்புக்குள் கெட்டதாக மாறி, மூட்டின் குருத்தெலும்பையும் அரிக்கிறதாம். அதைத் தடுக்க மாத்திரை கேட்டேன். பெரிய பலன் இருக்காது என்று டாக்டர் எழுதித் தரவில்லை.

காவலர் தன் முட்டியைத் தடவினார். "படத்துக்கிட்ட மூச்சு விடாதீங்கன்னு நான் சொல்லிரலாம். இதுக்கிட்ட விடாதீங்கன்னு யாரு சார் சொல்றது?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நேரா படி எறங்குனா உசுரு போகுது சார். யாரும் இல்லாதப்ப படியப் பாத்துத் திரும்பிக்கிட்டு, பின்னாலயே கால் வச்சு எறங்கிருவேன். ஆபீசுல தெரிஞ்சா வேற ஆளப் போட்டுருவாங்க. சொல்லிராதீங்க."

மாலையில் நான்தான் கடைசியாக இறங்கினேன். கீழே வந்து உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். கதவைப் பூட்டிவிட்டு மேல்படியிலேயே நின்றிருந்தார். என்னிடம் சொல்ல முடிந்தவருக்கு, நான் பார்க்க அப்படி இறங்க மனமில்லை. அது புரிய எனக்கு நேரமாயிற்று.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதினேழு எண்ணிய பிறகுதான் முதல் செருப்புச் சத்தம் கேட்டது.