பச்சை உப்புச் சாக்குல போக் சாய்

போக் சாய்னு ஒரு சீனாக் கீரை. தண்டு வெள்ளையா, இலை கரண்டி கணக்கா இருக்கும். எம் பொண்டாட்டிக்கு அப்ப ஏழு மாசம். போன்ல பாத்துட்டு அதுதான் வேணும்னா. சிவகாசி மார்க்கெட்டுல கேட்டா சிரிச்சாக. சரி, நாமளே போடுவோம்னு அவளையே ஆன்லைன்ல வெதை வாங்கச் சொன்னேன். தொட்டி வாங்க மனசில்லாம, நான் வேலை பாக்குற பட்டாசு கம்பெனிக்குப் பின்னால கெடந்த காலிச் சாக்கு ரெண்ட எடுத்துட்டு வந்தேன். அதுல என்னமோ எளுதியிருந்துச்சு. ரெண்டாங் கிளாசத் தாண்டாதவனுக்கு எளுத்தும் எறும்பும் ஒண்ணுதான். நல்லா அலசி, எளுத்துப் பக்கம் செவத்தப் பாக்க வச்சு, செம்மண்ணும் சாணியும் போட்டு வெதச்சேன்.

நம்ம வெயிலுக்கு வாடும்னாக. அது எங் கல்யாணச் சட்டைய விடப் பளபளன்னு வந்துச்சு. எங் கைராசின்னு தெருவெல்லாம் பீத்துனேன்.

ஞாயித்துக்கெளம மத்தியானம் அவ பூண்டு தட்டிப் போட்டு வதக்கி, ஒரு தட்டு நெறையத் தின்னுட்டுப் படுத்தா. எனக்குக் கீரையே ஆகாது, கருவாடு தின்னேன். அப்பத்தான் கம்பெனியில மருந்து கலக்குற அண்ணாச்சி வந்தாக. செடியப் பாத்தாக, சாக்க நகட்டிப் பாத்தாக.

"ஏலே, இது பச்சை உப்புச் சாக்குல்லா?"

வெடி பச்சையா எரியுறதுக்குப் போடுற உப்பு. வயித்துக்குள்ள போனா வெசம்.

"தின்னியாலே?"

"நான் இல்ல அண்ணாச்சி. அவ."

அண்ணாச்சி செருப்பக்கூட மாட்டாம ஆட்டோ புடிக்க ஓடுனாக. உள்ள போயி அவ மூக்குக்கிட்ட வெரல வச்சேன். மூச்சு வருது. சட்டியில ஒரு கை கீரை மிச்சம். அவளுக்கு என்னவோ அது எனக்கும்னு அம்புட்டையும் வாயில அள்ளிப் போட்டு முளுங்குனேன். நம்ம மூளை அம்புட்டுதான்.

ஆட்டோவுல, "எங்க போறோம்? ஏன் இப்பிடி வேர்க்கு ஒங்களுக்கு?"ன்னா.

"சும்மா செக்கப்பு."

"ஞாயித்துக்கெளமையா?"

டாக்டருக்குக் காட்ட அண்ணாச்சி ஒரு சாக்குல மண்ணக் கொட்டிட்டு மடியில வச்சிருந்தாக. அவளுக்குப் படிக்கத் தெரியும். படிச்சா. வயித்த ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டா.

ஆஸ்பத்திரியில அவ நெஞ்சுல வயர ஒட்டுனாக, ரத்தம் எடுத்தாக. வயித்துல புள்ள துடிப்புக் கேக்குற மிசின வச்சாக. கரகரன்னு மட்டும் கேக்கு. எனக்குக் குலசாமி பேரே மறந்துபோச்சு. கொஞ்சம் தள்ளி வச்சாக. டபடபன்னு கேட்டுச்சு.

"ரெண்டு உசுரும் இப்ப நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு வரைக்கும் பாக்கணும்"னாக டாக்டரம்மா.

"நானும் தின்னேம்மா."

"எப்ப?"

"வெசம்னு தெரிஞ்ச பெறகு."

அண்ணாச்சி தலையில அடிச்சுக்கிட்டாக. அவ என்னையப் பாத்தா.

"எனக்கு ஒண்ணு ஆயி புள்ள மட்டும் பொளச்சிருந்தா, அதுக்கு யாருங்க இருக்கா?"

பக்கத்துக் கட்டில்ல என்னையப் படுக்கப் போட்டு எனக்கும் வயரு ஒட்டுனாக. அவ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டே கைய மட்டும் பின்னால நீட்டுனா. புடிச்சேன்.