கடலுக்கடியில் இருந்த ஊரைப் பார்க்கப் போனது

நாக்பூரிலிருந்து என் நாத்தனாரும் அவர் கணவரும் தஞ்சாவூருக்கு வந்து இறங்கியபோது ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. நான் அவர்களை அண்ணி, அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அண்ணிக்கு அறுபத்திரண்டு வயது, முழங்கால் வலி வேறு. ரயிலில் அவருக்குக் கிடைத்திருந்த கீழ்ப் படுக்கையை, மேலே ஏறினால் தலைசுற்றும் என்று சொன்ன ஒரு பயணிக்கு அண்ணன் தாராளமாகக் கொடுத்துவிட்டார். அண்ணி மறுபேச்சில்லாமல் மேலே ஏறிப் படுத்தார். காலையில் இறங்கிய பிறகும் பேசவில்லை. நடந்ததை இருவருமே என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். அண்ணனின் கதையில் அந்தப் பயணி எலும்பும் தோலுமான நோயாளி. அண்ணியின் கதையில் மல்யுத்தக்காரர்.

வீட்டில் தகவல் எல்லாம் என் மகள் வழியாகப் போய் வந்தது. ஏழாவது படிக்கிறவள். "ரசத்த அந்தப் பக்கம் தள்ளு" என்று அத்தை சொன்னால், மாமாவிடம் போய், "அத்தை உங்களுக்காகவே ரசம் வச்சாங்களாம்" என்று சொல்வாள். அண்ணன் நம்பிக்கையோடு நிமிர்ந்து பார்ப்பார். அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் நாள் அண்ணன் பூம்புகார் போகவேண்டும் என்றார். பழைய பட்டினம் கடலுக்குள் இருக்கிறது, படகில் போனால் பார்க்கலாம் என்று போனில் ஒரு வீடியோ காட்டினார். கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர், தூண்களுக்கு நடுவே மஞ்சள் மீன்கள். அது கம்ப்யூட்டரில் செய்த படம் என்று என் கணவர் பொறுமையாக விளக்கினார். அண்ணன் அதற்குப் பதிலாகப் பையிலிருந்து நீச்சல் கண்ணாடி ஒன்றை எடுத்துக் காட்டினார். நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்துப் பார்க்கப் போகிறாராம்.

மாசி மாதம். வழியெல்லாம் அறுவடை இயந்திரங்கள், ரோட்டில் பாதிக்கு மேல் காயவைத்த நெல். கார் ஊர்ந்துதான் போனது. அண்ணன் முன் சீட்டில் வழிகாட்டினார். அண்ணி பின்னால் உட்கார்ந்து, அவர் வலது என்று சொன்னபோதெல்லாம் இடது பக்கம் பார்த்தார்.

பூம்புகாரில் மீன்பிடிப் படகு வைத்திருந்த ஒருவர் எங்களைக் கொஞ்ச தூரம் கூட்டிப்போய்க் காட்டச் சம்மதித்தார். ஐம்பது வயது இருக்கும், நிதானமான மனிதர். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று முதலிலேயே நேர்மையாகச் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டி இறுக்கிக் கட்டினார். அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தார், அண்ணி பின்னால் இன்ஜின் பக்கம். நாங்கள் மூவரும் நடுவில், எல்லைப் பாதுகாப்புப் படை மாதிரி.

காவிரி கடலில் சேரும் இடத்தைத் தாண்டிப் போனோம். தஞ்சாவூர்க்காரர்களான எங்களுக்கே அதுதான் காவிரி என்று நம்பக் கஷ்டமாக இருந்தது. எங்கள் தெரு வாய்க்காலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். எல்லா வயலுக்கும் கொடுத்துவிட்டு மிச்சம் இருந்தால்தானே வரும் என்றார் என் கணவர், ஏதோ அவரே மடை திறந்துவிட்டவர் போல.

கரை கோடாகத் தெரிந்த இடத்தில் படகுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். அண்ணன் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளிம்பில் குப்புறக் கவிழ்ந்தார். படகுக்காரர் அவருடைய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் பால் அதிகமாக விட்ட டீயின் நிறத்தில் இருந்தது. அண்ணன் மூன்று முறை முகத்தை உள்ளே விட்டு எடுத்தார். மூன்றாவது முறை மூக்கு வழியாகக் கடல் வந்தது.

"என்ன தெரியுதுன்னு கேளு" என்றார் அண்ணி, என் மகளிடம்.

"கலங்கலா இருக்குன்னு சொல்லு" என்றார் அண்ணன்.

அவர் முகம் விழுந்துபோனதைப் பார்த்துப் படகுக்காரருக்கே மனசு கேட்கவில்லை. நீளமான கயிற்றில் ஓர் இரும்புக் குண்டைக் கட்டிக் கீழே விட்டார். இந்த இடத்தில் வலை ஏதோ ஒன்றில் மாட்டிக் கிழியுமாம். அவருடைய அப்பா காலத்திலிருந்தே இங்கே வலை போடுவதில்லையாம். கயிற்றை என் மகள் கையில் கொடுத்தார். குண்டு சேற்றில் புதைந்தால் ஒன்றும் தெரியாது. நாலைந்து தடவை தூக்கித் தூக்கி விட்டாள். திடீரென்று அவள் கண் விரிந்தது.

"அம்மா, கல்லு."

ஆளுக்கு ஒரு தடவை கயிற்றைப் பிடித்துப் பார்த்தோம். கெட்டியான எதிலோ இரும்பு இடித்தது, கைக்கு நன்றாகத் தெரிந்தது. சுவரா, வெறும் பாறையா என்று அண்ணன் கேட்டார்.

"கீழ போயி பாத்தவங்க யாருங்க. எங்களுக்கு வலை கிழியிற எடம், அவ்வளவுதான்" என்றார் படகுக்காரர்.

அண்ணனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை மெதுவாக ஆட்டி, இது கடைத்தெருவாக இருக்கலாம் என்றார். அண்ணியும் வாங்கிப் பிடித்தார். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. கேட்டால் வெயில் என்பார்.

திரும்பலாம் என்றபோது இன்ஜின் கிளம்பவில்லை. டீசல் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டதாம். என் கணவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவர் வீட்டுப் பம்புசெட்டிலும் சின்ன வயதில் இதே தொல்லைதானாம். இருவரும் குனிந்து ஒரு நட்டைக் கழற்றத் தொடங்கினார்கள். படகு பக்கவாட்டில் ஆடியது. நான் முன்பக்கம் பார்த்தேன். அண்ணன் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நீச்சல் கண்ணாடி இன்னும் நெற்றியில் இருந்தது.

அண்ணி எழுந்தார். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. முழங்கால் வலிக்காரர், எங்கள் தோள்களைப் பிடித்து, என் மகளைத் தாண்டி, படகின் அந்தக் கோடிக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணியப் பாக்காதீங்க. என்னையப் பாருங்க."

அண்ணன் பார்த்தார். "நாலு நாளா பாக்க விட்டியா நீ?" என்றார்.

அதற்கு அண்ணி சொன்ன பதில் எங்களுக்குக் கேட்கவில்லை, அதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கரை வரும்வரை அவர் பேசிக்கொண்டே இருந்தது மட்டும் தெரிந்தது. நாலு நாள் பாக்கி. அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷமாக இருந்த மனிதரை நான் பார்த்ததில்லை.

என் மகளுக்குத்தான் வருத்தம். இனி தனக்கு வேலை இல்லை என்று என் காதில் சொன்னாள்.

கும்பகோணத்தில் காபிக்கு நிறுத்தினோம். குடித்து முடித்ததும், பத்து நிமிஷத்தில் ஒரு பித்தளைச் சொம்பு வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் இருவரும் கடைத்தெருவுக்குள் நடந்தார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் கணவர் போன் செய்தார். இரண்டு போனும் காருக்குள்ளேயே அடித்தன.