வாசல் காவலரின் கட்டைவிரல்

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் நுழைவார்கள். சரி, ஆயிரம் என்பது என் கைச்சரக்கு. மழை இல்லாமல், பள்ளிக்கூடப் பேருந்து ஒன்றும் வந்து நின்றால் எண்பது தேறும். ஆனால் என்னையும் மிஞ்சிய புளுகு ஒன்று அந்த வாசலிலேயே, காவலரின் உள்ளங்கைக்குள் இருந்தது.

எலுமிச்சம்பழ அளவில் ஓர் எண்ணும் கருவி. ஆள் உள்ளே போனால் கட்டைவிரலால் ஒரு அழுத்து, 'டக்'. சாயங்காலம் அதில் நிற்கும் எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இருபத்தாறு வருடமாக அவர் ஓர் ஆளைக்கூடக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை.

அப்போதுதான் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. ஊரில் இரண்டு காட்சிக்கூடங்கள் கட்டுப்படியாகாது. மூன்று மாதம் பார்ப்போம், கூட்டம் குறைந்ததை மூடுவோம். இன்னொன்று, இரண்டு தெரு தள்ளியிருந்த பொம்மைக் காட்சிக்கூடம். அதன் வாசலில் இதே மாதிரிக் கருவியோடு உட்கார்ந்திருந்தவள் அவருடைய கொழுந்தியாள்.

காவலர் முதலில் தபால்காரருக்கு ஒரு 'டக்' போட்டார். உள்ளே வந்தது வந்ததுதானே? அப்புறம் டீ குடித்துவிட்டுத் திரும்பிய தனக்கே ஒன்று. பிறகு ஜன்னல் வழியாக நுழைந்த புறாவுக்கு. கடைசியில் யாரும் தேவைப்படவில்லை. விரல் பாட்டுக்கு வேலை பார்த்தது.

பொம்மைக்கூடத்தை மூடினார்கள். மரக்குதிரையும் தகர ரயிலும் பெட்டிக்குள் போயின. கொழுந்தியாள் ஒரு சலவைக்கூடத்தில் நின்றபடியே விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள்.

ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவாள். காவலர் மெத்தை வைத்த நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போடுவார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்புவார். வீங்கிப்போன அவள் பாதத்தை மட்டும் பார்க்கமாட்டார்.

"என் தங்கச்சிக்கு இந்த விழுந்து விழுந்து கவனிப்பு எதுக்கு?" என்றாள் மனைவி. "எனக்கு ஒருநாள் தண்ணி மொண்டு குடுத்ததுண்டா?"

"உனக்குப் பொறாமை, அக்கா," என்று சிரித்தாள் தங்கை. அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும், வெந்நீர் வாளி ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் கால்களை வைத்துக்கொண்டாள். சுகத்தில் கண்ணை மூடினாள்.

காவலர் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மாமா."

"அந்த மூணு மாசம்... நான் சரியா எண்ணல. கூட அழுத்திட்டேன். உன் வேலை போனது என்னாலதான்."

மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். தங்கை கண்ணைத் திறக்கவில்லை.

"எவ்வளவு?"

"தினம் ஒரு பத்து பேர் இருக்கும்," என்றார் காவலர், தரையைப் பார்த்தபடி.

வாளிக்குள் அவள் கால்விரல்கள் மெல்ல அசைந்தன.

"பத்து இல்ல மாமா, முப்பத்தேழு. அந்த மூணு மாசத்துல, எனக்கு லீவு கிடைச்ச ஒரு நாள், உங்க வாசலுக்கு எதிர் பஸ் ஸ்டாப்புல சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். உள்ள போனது பத்தொன்பது பேர். உங்க விரல் அசைஞ்சது அம்பத்தாறு தடவை. என் கருவியாலதான் எண்ணினேன்."