ஆர்கனோடு மோதிய டிரம்பெட்

தங்கச்சி கல்யாணத்தன்று காலையில் என் உதடு மரத்துப்போயிருந்தது. டிரம்பெட் வாசிக்கிறவனுக்கு உதடுதான் எல்லாம். ஈரப்படுத்தலாம் என்றால் நாக்கும் காய்ந்து கிடந்தது. பயம், வேறொன்றுமில்லை.

மாப்பிள்ளை வீட்டார் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். நாங்கள் லாபிஸில் செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலைத் தாண்டாதவர்கள். பெண்ணை அப்பாதான் கைபிடித்து உள்ளே அழைத்து வர வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அப்பா பல நாள் இழுத்தடித்தார். கடைசியில், "வாசல் வரைக்கும் வர்றேன். அபசகுனமா ஏதாச்சும் பட்டுச்சுன்னா அப்படியே திரும்பிருவேன்" என்றார்.

சொன்னால் செய்கிற மனிதர். தெப்ராவில் வீடு பார்க்கப் போகும் வழியில் பூனை குறுக்கே போனதற்காகக் காரைத் திருப்பச் சொன்னவர். அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். நான் இன்னும் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூட பேண்டில் கற்ற டிரம்பெட்டை ஆர்கனோடு சேர்த்து வாசிப்பது என் வேலை. முதலில் ஆர்கன் கொஞ்ச நேரம் தனியாகப் போகும். பிறகு டிரம்பெட் எழும். அந்த முதல் சத்தத்துக்குத்தான் அப்பாவும் தங்கச்சியும் அடியெடுத்து வைக்க வேண்டும்.

ஆர்கன் வாசித்த அக்கா கெலாங் பாத்தாவிலிருந்து வந்தவர். அந்த வாரம் ஒத்திகை பார்த்தபோது எல்லாம் கச்சிதமாக வந்தது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"என்ன தம்பி இப்படி நடுங்குறீங்க? நான் இருக்கேன் லா" என்றார் அக்கா.

ஏர்கான் குளிரில் டிரம்பெட் ஜில்லென்றிருந்தது. குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும் என்று ஊதாமல் வெறும் மூச்சை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தேன். வாசிக்கிறவர் முதுகுப்பக்கத்து வாசலைப் பார்ப்பதற்காக ஆர்கன் மேல் ஒரு கண்ணாடி வைத்திருந்தார்கள். அதில் அப்பா தெரிந்தார். வேட்டி நுனியைப் பிடித்தபடி, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

ஆர்கன் தொடங்கியது. என் நெஞ்சு அடித்த அடியில் காதில் எதுவும் ஏறவில்லை. என் முறை வந்ததும் ஊதினேன்.

இரண்டு லாரிகள் நேருக்கு நேர் மோதியது போல ஒரு சத்தம். அன்று காலையில் பாடகர் குழு பயிற்சிக்கு வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்குக் குரல் எட்டாது என்று ஆர்கனின் சுருதியை ஒரு பொத்தானால் இறக்கி வைப்பது அங்கே வழக்கம். திரும்ப ஏற்றி வைக்க எல்லோருமே மறந்துவிட்டார்கள்.

"அலமாக்!" என்று பதறிய அக்கா ஒரு கையால் வாசித்தபடியே மறு கையால் பொத்தானைத் தேடினார். நான் டிரம்பெட்டை இறக்கிவிட்டேன். கண்ணாடியைப் பார்க்கவே பயம். பார்த்தேன். வாசலில் அப்பா இல்லை.

போய்விட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தங்கச்சியையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன். வாசல் பக்கம் திரும்பினேன்.

அப்பா பாதி வழி வந்திருந்தார். தங்கச்சியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி வந்துகொண்டிருந்தார். அதற்குள் ஆர்கனின் சுருதி சரியாகிவிட்டது. நானும் எப்படியோ ஊதிச் சேர்ந்துகொண்டேன்.

விருந்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா சிரித்துக்கொண்டே, "ஆரம்பத்துல கொஞ்சம் பிசகிருச்சு போல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்பா இலையிலிருந்து நிமிர்ந்தார். "பிசகா? அது கெட்டிமேளமுங்க. கெட்ட சத்தம் எதுவும் புள்ள காதுல விழக்கூடாதுன்னு எம்மவன் ஊதினான். அதைக் கேட்டப்புறந்தான் எனக்கு உள்ள வரவே மனசு வந்துச்சு."

அப்பா மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். குழம்பு ஊற்றிக்கொள்ளவே மறந்திருந்தார். என்னைவிட அவர்தான் அதிகம் பயந்திருக்கிறார்.