என் பையில் இருந்த வெள்ளி ரூபாய்

ஏற்காட்டில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை எனக்கு. ஒன்பது வருஷமாகிறது. கொட்டச்சேட்டிலிருந்து காலை முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். கட்டிலுக்கடியில் கிடந்த தோடு, தலையணை உறைக்குள் மறந்துபோன செல்போன், குளியலறையில் கழற்றி வைத்த மோதிரம் என்று எத்தனையோ பொருட்களை எடுத்து உரியவர்களிடம் கொடுத்திருக்கிறேன். அப்படியிருந்தும் ஒரு தடவை என் மேல் திருட்டுப் பழி விழுந்தது.

போன சீசனில் மாடி அறைக்கு ஈரோட்டிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்து நான்கு நாள் தங்கினார்கள். அவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். அந்த அம்மாவுக்கு முட்டிவலி என்பதால் ஊர் சுற்றப் போகவில்லை. பெரியவர் பால்கனியில் மேஜையைப் போட்டு ஒரு ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்யாண போட்டோ என்று நினைத்தேன். இரண்டாம் நாள் பெருக்கப் போனபோதுதான் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் காசுகள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறைக்குள்.

அதில் ஒன்றைப் பார்த்ததும் துடைப்பத்தோடு நின்றுவிட்டேன். கிரீடம் வைத்த ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். அதே மாதிரி ஒன்று என் வீட்டுப் பெட்டியில் இருந்தது.

"பாக்கறீங்களா அம்மிணி? கிட்ட வந்து பாருங்க," என்றார்.

போய்ப் பார்த்தேன். ராஜாவின் தாடி முடியை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது. அவர் உறையைச் சாய்த்தபோது வெளிச்சம் காசின் மேல் ஒரு சுற்று சுற்றி வந்தது.

"அச்சடிச்ச நாள்ல இருந்து இது யாரு கையிலயும் புழங்கலீங்க. எங்கியோ மூட்டைக்குள்ளயே கெடந்திருக்கோணும். காசுக்கு எழுபது வரைக்கும் மார்க் போடுவாங்க. இதுக்கு அறுபதுக்கு மேல வரும்."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் போடுவதுபோலக் காசுக்கும் மார்க் போடுவார்கள் என்பது எனக்குப் புதிது. என்னிடமும் ஒன்று இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். கூச்சமாக இருந்தது. நாளைக்குக் கையோடு கொண்டுவந்து காட்டிக் கேட்கலாம் என்று வந்துவிட்டேன்.

அந்த ரூபாய் என் அப்பாவுடையது. அவர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் தோலுரிக்கும் மெஷின் ஓட்டினவர். மெஷின் மூடியில் அகலமான பள்ளம் வெட்டிய நான்கு திருகாணிகள் இருந்தன. ஸ்க்ரூடிரைவரை எப்போதும் யாராவது கேட்டு வாங்கிப் போயிருப்பார்கள். அப்பா டவுசர் பையிலிருந்து இந்த ரூபாயை எடுத்துப் பள்ளத்தில் வைத்துத் திருகுவார். அளவெடுத்துச் செய்ததுபோல உட்காரும். மற்ற நேரத்தில் அது பீடிக்கட்டோடும் சாவிக்கொத்தோடும் அவர் பையிலேயே உரசிக்கொண்டு கிடக்கும். அது அவர் கைக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. அவர் இறந்தபின் அக்கா கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டாள். நான் ரூபாயை எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்து எடுத்துப் பார்த்தேன். கறுத்துப் போயிருந்தது. ராஜாவுக்குக் காதும் இல்லை, புருவமும் இல்லை. பெரியவர் காட்டிய காசோடு ஒப்பிட்டால் வெட்கமாக இருந்தது. "புளி போட்டுத் தேச்சா பளிச்சுன்னு ஆயிரும்," என்றார் என் வீட்டுக்காரர். தேய்த்திருப்பேன். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. இருந்த ஒரு குடத்தைக் காசுக்குச் செலவழிக்க மனசில்லாமல் பழைய ரசீதுத் தாளில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பத்து மணி இருக்கும். கீழ் அறைகளை முடித்துவிட்டு மாடிக்குக் கிளம்பும்போது மேனேஜர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். சேலத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. மாடி ரூம்ல ஒரு காசு காணோமாம். வெள்ளிக்காசு. நேத்து அந்த ரூமுக்குப் போனது நீங்க ஒருத்தருதான். பையக் கொஞ்சம் காட்டிருங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும், என்னிடமும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது என்று. சொன்னால் யார் நம்புவார்கள் என்றுதான் தோன்றியது. பையை வாங்கி மேஜை மேல் கொட்டினார். சீப்பு, மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட்டுகள். ரசீதுத் தாளும் விழுந்து விரிந்தது. ரூபாய் உருண்டு போய் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் படுத்தது.

"இது என்னங்க அக்கா?"

"எங்கப்பாவோடதுங்க."

"உங்கப்பா என்ன வேலை பாத்தாருங்க?"

"எஸ்டேட்டுல மெஷின் ஓட்டினாருங்க."

காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. பிறகு குரலைத் தாழ்த்தி, "எடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. போலீசு அது இதுன்னு போகாம நானே பேசி முடிச்சர்றேன்," என்றார்.

நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று இப்போது புரிகிறது. அப்போது அது புரியவில்லை. மகள் காலேஜில் சேர்ந்த வருஷம் அது. பஸ்ஸில் கூட வருகிற பெண்கள் நாளைக்கு என் முகத்தை எப்படிப் பார்ப்பார்கள்? "எடுக்காதத எடுத்தேன்னு எப்பிடிங்க சொல்றது?" என்று மட்டும் கேட்டேன். எங்கள் மலைச்சாமி சேர்வராயனை மனசுக்குள் கூப்பிட்டபடி அவர் பின்னால் படியேறினேன்.

"சார், கெடச்சிருச்சுங்க," என்று மேனேஜர் காசைப் பெரியவர் முன்னால் வைத்தார்.

பெரியவர் அதை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். ஒரு தடவை திருப்பினார். அவ்வளவுதான்.

"இது என்னோடது இல்லீங்களே."

"சார், அதே ராஜா தலைதானுங்க. வருசங்கூட ஒன்னுதான்."

"வருசம் ஒன்னுதான் தம்பி. காசு வேற." அப்போதுதான் நான் கதவோரம் நிற்பதைப் பார்த்தார். என்ன நடந்தது என்று புரிந்திருக்க வேண்டும். "அம்மிணி, மொதல்ல இப்பிடி உக்காருங்க," என்று தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த விடுதியில் விருந்தாளி நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

பூதக்கண்ணாடியை எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தார். "பாருங்க. காசுல எது மேடோ அதுதான் மொதல்ல தேயும். கன்னம், புருவம், காது, கிரீடத்தோட உச்சி. இதுல அது நாலும் போயிருச்சு. பள்ளத்துல இருக்கற எழுத்து மட்டும் நிக்குது. இது வருசக்கணக்கா புழங்குன தேய்மானம். நேத்து எடுத்த காசு இன்னைக்குக் காலைக்குள்ள இப்பிடித் தேயாதுங்க."

அதோடும் விடவில்லை. உள்ளங்கை அகல எடைமெஷினில் வைத்துக் காட்டினார். புதுக்காசைவிட அரை கிராம் குறைவு. பிறகு விளிம்பைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"அம்மிணி, ஒன்னு கேக்கறேன். இத வெச்சு எதையாச்சும் திருகுவீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை அடக்கி வைத்திருந்த அத்தனையும் சேர்ந்து வந்தது. அழுதுகொண்டே மெஷினையும் திருகாணியையும் பற்றிச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே மேனேஜரைக் கிட்டே கூப்பிட்டார். "காசைச் சுத்தியும் சன்னமா வரி இருக்குது பாருங்க. இந்த எடத்துல மட்டும் மழுங்கி, நெளிஞ்சு போயிருக்குது. இவங்கப்பா திருகுன எடம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"அப்ப உங்க காசு சார்?"

"அது கெடச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி, அது வேற பேச்சு. இது இவங்க காசு. இவங்க கையில குடுங்க."

மேனேஜர் இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த அம்மா இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க, நேத்து சாயங்காலம் வெயில்ல வெச்சு போட்டோ புடிச்சீங்களே, அப்பறம் அத எங்க வெச்சீங்க?" என்றார். பெரியவர் ஆல்பத்தைப் புரட்டினார், சட்டைப் பையைத் தடவினார். கடைசியில் மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். கண்ணாடி துடைக்கிற துணிக்கடியில் ரூபாய் உறையோடு இருந்தது.

அவர் முகம் சிவந்துவிட்டது. எழுந்து நின்று கைகூப்பினார். "மன்னிச்சுக்கோங்க அம்மிணி. என் மறதிக்கு நீங்க தலை குனிஞ்சு நின்னீங்க." "கெடச்சிருச்சுல்லங்க, அது போதும்," என்றேன். உண்மையாகவே அது போதுமாகத்தான் இருந்தது. அவர் சொல்லால் நான் தப்பித்திருந்தாலும், காசு கிடைக்காமலே போயிருந்தால் யாராவது ஒருவர் மனசில் ஒரு சந்தேகம் தங்கியிருக்கும்.

மேனேஜர் கீழே போய் அவரே டீ கொண்டுவந்தார். எல்லோரும் குடித்தோம். அந்தத் தைரியத்தில், காலையில் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"இதுக்கு எத்தன மார்க்குங்க போடுவாங்க?"

பெரியவர் சிரித்தார். "பத்து போடலாம். திருகுன காயம் இருக்கறதால மார்க்கே இல்லீன்னும் சொல்லீருவாங்க."

"புளி போட்டுத் தேச்சா ஏறுமுங்களா?"

"அய்யோ, அதை மட்டும் செஞ்சறாதீங்க! தேச்சா மேல கீறல்தான் விழும். போன உருவம் திரும்ப வராது. இப்பிடியே இருக்கட்டும்."

ராஜா பரீட்சையில் தோற்றுப்போனார் என்று எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்று மணி பஸ்ஸுக்கே என்னை அனுப்பி வைத்தார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவருக்குக் கோபம் பொங்கியது. "இனி அந்த வேலைக்குப் போகாத," என்று குதித்தார். மறுநாளும் போனேன். இன்றும் போகிறேன். இப்போதெல்லாம் யார் பையையும் மேனேஜர் திறக்கச் சொல்வதில்லை. ஏதாவது காணோம் என்றால் முதலில் விருந்தாளியோடு உட்கார்ந்து பெட்டி முழுக்கத் தேடச் சொல்கிறார்.

அன்று வீட்டுக்காரர் கோபம் அடங்கியதும் களி கிண்டிக் கீரை கடைந்து வைத்தார். காலையிலிருந்து ஒரு டீயைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்று உருண்டை சாப்பிட்டேன். விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே தூங்கிவிட்டேன்.