சயனைட் மேட்டுச் சீமையகத்தி

அம்மாவுக்கு இடுப்பில் தொடங்கிய படர்தாமரை கழுத்துவரை ஏறிவிட்டது. மருந்துக்கடைக் களிம்பு கொஞ்ச நாள் அடக்கும், பிறகு இரண்டு மடங்காய்க் கிளம்பும். மாத்திரை கல்லீரலைக் கெடுக்கிறதென்று டாக்டர் நிறுத்திவிட்டார். அவள் தையல் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலில், பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் எழுந்து நின்றுகொள்வார்கள். சீப்பால் சொறிந்து சொறிந்து ரத்தம். பூஞ்சையாம் பூஞ்சை, நாசமாய்ப் போக!

நானோ பெங்களூர்க் கல்லூரியில் செடிகளிலிருந்து பூஞ்சை மருந்து தேடும் ஆராய்ச்சி மாணவி. என்ன பிரயோசனம்? அம்மாவின் தோலைச் சுரண்டிக் கொண்டுபோய் ஆய்வகத் தட்டில் அந்தப் பூஞ்சையை வளர்த்தேன். வேப்பிலை, குப்பைமேனி, பூண்டு எதற்கும் அது அசையவில்லை. கடைசியில் சீமையகத்தி. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், சயனைட் மேட்டின் அடியில் அது மண்டிக் கிடக்கிறது. பறித்து, உலர்த்தி, அரைத்து, சாற்றைத் தட்டில் விட்டேன். விட்ட இடத்தைச் சுற்றிப் பூஞ்சை துளியும் வரவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

"வேறு ஊர் இலையையும் பாருங்கள்" என்றார் பேராசிரியை. பேத்தமங்களா ஏரிக்கரை இலை ஒன்றும் செய்யவில்லை. அப்படியென்றால் எங்கள் இலையில் வேறென்ன இருக்கிறது? சயனைடு விட்டுத் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண்தான் எங்கள் மேடு. காற்றடித்தால் அந்தத் தூள் சோற்றில்கூட விழும். பிறந்ததிலிருந்து தின்ற தூசி. இலையைக் கழுவ வேண்டுமென்றே எனக்குத் தோன்றவில்லை. இப்போது கழுவி அரைத்து விட்டுப் பார்த்தேன். பூஞ்சை செழிப்பாக வளர்ந்தது. கழுவிய தண்ணீரைச் சுண்டவைத்துத் தட்டில் ஊற்றினேன். பூஞ்சை செத்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "இலை இல்லம்மா. மேட்டு மண்ணுதான் கொன்னுச்சி."

அம்மா சொறிவதை நிறுத்தினாள். முகமே மாறிவிட்டது. "அப்போ மண்ணையே பூசிக்கறேன். பின்னாடிதானே கீது."

"ஐயோ, விஷம்மா அது! தோலு வெந்து பூடும்."

"இது மட்டும் இன்னா, அமிர்தமா?" ரவிக்கையை இறக்கி முதுகைக் காட்டினாள். "நீ எட்த்துனு வர்றியா, நானே போவட்டா?"

பின்வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். போகவிடவே மாட்டேன் என்று கத்தினேன். திட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ நீயே சொல்லு, இன்னா பூசறது?"

அவள் முதுகைத் திருப்பினாள்.

"நகத்தாலயாச்சும் சொறிஞ்சி வுடு."

சொறிந்தேன். ரத்தம் வந்த பிறகும் அவள் என்னை நிறுத்த விடவில்லை.