கண்ணாடி இல்லாமல் போன செவ்வாய்க்கிழமைகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் ஆரம்பித்தது இது. என் கணவர் பியானோ வாசிப்பவர். மேற்கத்திய செவ்வியல் இசை. தாளில் அச்சடித்திருப்பதில் ஒரு புள்ளியைக்கூட விடமாட்டார். மேடையில் அவர் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், அவர் தலையசைத்ததும் எழுந்து நோட்ஸின் பக்கத்தைத் திருப்புவாள். அது நான்தான். கைதட்டல் அவருக்கு. இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டால் முறைப்பு மட்டும் எனக்கு. இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலை. அவர் கையிலிருந்து எனக்குத் தெரியாமல் ஒரு ஸ்வரம் வராது என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த வருடம் செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில், ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கிள்ளானுக்குப் போக ஆரம்பித்தார். "ஒரு பிள்ளைக்கு எக்ஸாம் வருது. வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுக்கச் சொல்றாங்க" என்றார். நானும் நம்பினேன்.

நாலாவது வாரம் மேசையைத் துடைக்கும்போது அவருடைய மூக்குக்கண்ணாடி கிடந்தது. அது இல்லாவிட்டால் அவருக்கு நோட்ஸுக்கும் எறும்புக்கும் வித்தியாசம் தெரியாது. போன் பண்ணலாம் என்று எழுந்தபோது, நோட்ஸ் பையும் கதவுக்குப் பின்னால் தொங்குவதைப் பார்த்தேன். கண்ணாடியும் இல்லை, நோட்ஸும் இல்லை. அப்புறம் எந்தப் பிள்ளைக்கு என்ன பாடம்?

சாயங்காலம் வந்ததும், "பாடம் எப்படிப் போச்சுங்க?" என்று கேட்டேன்.

"ஓகே லா. பிள்ளை கொஞ்சம் ஸ்லோ." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். கண்ணாடியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் அது மேசையிலேயே கிடந்தது.

அதைவிட என்னைக் குடைந்தது அவருடைய சந்தோஷம். கிள்ளானிலிருந்து வந்தால் இரண்டு தடவை சோறு போட்டுக்கொள்வார். லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரரிடம் தானாகவே பேசுவார். புருஷன் சந்தோஷமாக இருக்கிறானே என்று வயிறெரிந்த முதல் பொண்டாட்டி நானாகத்தான் இருப்பேன். பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவர் குளித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் இருந்த போன் ஒளிர்ந்தது. சத்தியமாக நான் எடுக்கவில்லை, எட்டித்தான் பார்த்தேன். ஒரு சீனப் பெண்ணின் பெயர். 'டுடே நோ பீப்பள். யூ கேன் கம்.' இன்றைக்கு யாரும் இல்லை, நீங்கள் வரலாம்!

அன்றைக்கு அவர் கிளம்பிய ஐந்தாவது நிமிடம் நானும் கிளம்பினேன். அவர் ஏறிய கிள்ளான் ரயிலிலேயே ஏறி, பெண்கள் பெட்டியில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே அவர் வர முடியாது. பெண்களுக்குத் தனிப்பெட்டி விட்ட புண்ணியவான் எதற்காக விட்டாரோ, எனக்கு வேவு பார்க்க உதவியது. வழியெல்லாம் அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் வரைந்துகொண்டே போனேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவளுக்கு வயது குறைந்துகொண்டே வந்தது.

கிள்ளான் ஸ்டேஷன் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டியது ஒரு பெண். இவர் சிரித்துக்கொண்டே முன்சீட்டில் ஏறினார். நான் ஓடிப்போய் ஒரு டாக்சியில் ஏறினேன். நல்லவேளை, ஓட்டுநர் தமிழர்.

"அண்ணே, அந்த வெள்ளைக் கார் பின்னாலயே போங்க."

கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "யாரு அக்கா, புருஷனா?"

நான் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் காரையே பார்த்தேன். "புரியுதுக்கா. ஆனா அங்க போயி கார் கண்ணாடியெல்லாம் உடைச்சுடாதீங்க லா. நான் சாட்சிக்கெல்லாம் வர மாட்டேன்."

கார் பண்டமாரானில், துறைமுகத்து லோரிகள் போய்வரும் ஒரு தெருவில், கிடங்கு மாதிரி இருந்த ஒரு ஸ்டோர் முன்னால் நின்றது. இருவரும் உள்ளே போனார்கள். இரும்பு ஷட்டர் பாதி இறங்கியது. டாக்சியை நிறுத்தச் சொல்லிவிட்டு, வெளியே அடுக்கியிருந்த மரப்பலகைகளுக்குப் பின்னால் போய் நின்றேன். என்னைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் மானம் போயிருக்கும். குனிந்து பார்த்தேன். உள்ளே வரிசை வரிசையாகப் பியானோக்கள், எல்லாம் பழையவை, பாதிக்குமேல் போர்வை சுற்றியிருந்தன. கண்டெய்னரில் வந்து இறங்கி விலைக்கு நிற்பவை என்று பார்த்ததுமே தெரிந்தது.

அப்போது வாசிக்க ஆரம்பித்தார்.

முதலில் என் புத்தி என்ன செய்தது தெரியுமா? இது எந்தப் பாட்டு, எத்தனையாவது பக்கம் என்று தேடியது. கிடைக்கவில்லை. இடது கை ஒரு வழியில் போகிறது, வலது கை அதைப் பிடிக்கப் பார்த்து நின்றுவிடுகிறது, மறுபடி வேறு பக்கமாக வருகிறது. 'தப்பு' என்று இரண்டு தடவை வாய்வரை வந்துவிட்டது. அவருக்கு முன்னால் தாளே இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

திடீரென்று, மேலிருந்து இறங்கும் மூன்று ஸ்வரங்கள் வந்தன. அவை எனக்குத் தெரியும்.

பல வருடங்களுக்கு முன்பு, ஒரு மழை நாளில், வீட்டில் கச்சேரிக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். பக்கம் முடிந்தும் தலையசைக்கவில்லை. கை எங்கேயோ போய்விட்டது. இதே மூன்று ஸ்வரங்கள். இடம் தவறிவிட்டது என்று நினைத்து, தாளில் விரலை வைத்து, "இங்க இருக்கீங்க" என்றேன். அவர் என் விரலையே பார்த்தார். "ஆமா" என்று சொல்லிவிட்டுத் தாளில் இருந்ததை வாசித்தார். அதோடு விட்டேனா? "முழிச்சுக்கிட்டே தூங்கிட்டாரு" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கு என் விரல் நிறுத்திய இடத்திலிருந்து, இன்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தோளில் யாரோ தொட்டார்கள். தூக்கிவாரிப்போட்டது. அந்தக் காரை ஓட்டிய பெண், பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்திருக்கிறார். கிட்டத்தில் பார்த்தால் அறுபது வயதிருக்கும், கையில் வேலைக்காரர்கள் போடும் கையுறை. "யூ த வைஃப் ஆ?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். மலாயும் ஆங்கிலமும் கலந்து கிசுகிசுத்தார். வந்து இறங்கும் பியானோக்களில் எது நல்லது என்று இவர் வாசித்துப் பார்த்துச் சொல்வாராம். அதற்குப் பதிலாக, ஆட்கள் எல்லாம் டெலிவரிக்குப் போகும் செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு மணி நேரம் இடம் இவருக்கு. இவர் கேட்டது ஒன்றே ஒன்று, யாரும் இருக்கக் கூடாது.

"ஹி சே வைஃப் வெரி குட். நோ எவ்ரிதிங். தட்ஸ் வை வைஃப் கெனாட் ஹியர்."

மனைவிக்கு எல்லாம் தெரியுமாம், அதனால்தான் அவள் கேட்கக் கூடாதாம். அவர் என்னைப் பற்றிப் பாராட்டாகத்தான் சொல்லியிருக்கிறார். அதுதான் நெஞ்சில் தைத்தது. இன்னொரு பெண் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நான் வந்ததைச் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு டாக்சிக்குத் திரும்பினேன்.

"என்னக்கா, பிரச்சனை ஒண்ணும் இல்லையே?"

"இருக்குண்ணே. என்கிட்டதான்" என்றேன். பாவம், அவர் ஸ்டேஷன் வரைக்கும் ரேடியோவைக்கூடப் போடவில்லை.

இன்றுவரை அவரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் தமிழ்ப் பத்திரிகை தொடமாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் வீடு அவருக்குத் தனியாகக் கிடைக்கட்டும் என்று, அந்த வாரத்திலிருந்து ஞாயிறு மத்தியானம் செமினியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். "என்ன திடீர்னு தங்கச்சிப் பாசம்?" என்று இப்போது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார். பார்க்கட்டும். மாதக்கணக்கில், நான் திரும்பி வரும்போது பியானோமேல் நோட்ஸ் நான் விட்டுப்போன அதே பக்கத்தில் திறந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் கேட்டது. எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால், அந்த மூன்று ஸ்வரங்கள். செருப்பு அலமாரி பக்கத்தில் அரைமணி நேரம் நின்றேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்ந்த பிறகு பெல் அடித்தேன்.

"சாவி எடுத்துட்டுப் போகலையா?"

"மறந்துட்டேங்க."

சாவி என் கைப்பையில்தான் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்தான் அடிக்கிறேன். இத்தனை வருடம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளுக்கு, கதவுக்கு வெளியே நிற்கக் கற்றுக்கொடுத்தது பண்டமாரானில் ஒளிந்து நின்ற அந்த ஒரு மத்தியானம்தான்.